சரளாபுரத்தை விட்டுக்கொடுத்த மத்தியானம்

எந்த ஊரில், எந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாயோ, என் சரளா அக்காவுக்கு,

விமலா எழுதுகிறேன். மத்தியானம் ரெண்டரை மணி. மாடியில் நம் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எதிர்வீட்டுப் பிங்க் பூ மரம் இந்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே பூத்துவிட்டது. காற்று அடித்தால் பூ உள்ளே வந்து கீபோர்டு மேல் விழுகிறது. நீ இருந்தால் ஊதித் தள்ளிவிட்டு, "கவனத்த இங்க வைடி" என்பாய். நான் தள்ளவில்லை, அப்படியே கிடக்கிறது.

உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நாலாம் லெவலுக்குப் போய்விட்டேன் அக்கா. ஒரு வருஷமாக நீ கெஞ்சியும் நான் வரமாட்டேன் என்ற அதே நாலாம் லெவல்தான். என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முன்னாலேயே சொல்லிவிட்டால் நீ பாதியில் எழுந்து காபி போடப் போய்விடுவாய்.

இதை நாலு பேர் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். நாமிருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஜோகுபாளையத்தில் ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். உனக்குக் கீழ்வீடு, எனக்கு மாடி. ஓரகத்திகள் என்றாலே சனங்கள் என்ன நினைப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? சண்டை போட்டோம்தான், இல்லை என்று சொல்லவில்லை. யானைப்படையை ஆற்றுக்கு இந்தப்பக்கம் நிறுத்துவதா, அந்தப்பக்கம் நிறுத்துவதா என்று போட்டோம்.

உன் மகள் கீர்த்தி புனேவுக்கு வேலைக்குப் போகும்போது பழைய லேப்டாப்பை உன்னிடம் விட்டுப் போனாள். "போரடிச்சா இத ஆடும்மா" என்று ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். நீ இரண்டு நாள் தனியாகத் தட்டித் தடுமாறிவிட்டு மூன்றாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாய். நான் அப்போதுதான் லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியிருந்தேன். காலை ஆறு மணியிலிருந்து ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வந்தவளிடம், "விமலா, எனக்கு ஒரு நாடு கெடச்சிருக்கு, வந்து பாரேன்" என்றாய். அந்த நிமிஷம் உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா?

ஆரம்பத்தில் அந்த உலகம் முழுக்கக் கறுப்பாக இருக்கும். நடுவில் கைக்குட்டை அளவு பச்சை, அதில் குடியேற வந்த ஒரு கூட்டம், ஒரு காவல்காரன். அவர்கள் நடக்க நடக்கக் கறுப்பு விலகும். ஒரு மலை தெரியும், ஓர் ஆறு தெரியும். பிடித்த இடத்தில் ஊர் கட்டிப் பெயர் வைக்கலாம். மற்ற ராஜா ராணிகளைக் கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கும், ஆளுக்கு ஒரு நிறக் கொடி. எல்லாரும் ஒரு முறை ஆடினால் ஒரு டர்ன்; முந்நூறு டர்ன் முடியும்போது யாரிடம் புள்ளி அதிகமோ அவர்கள் ஜெயித்தவர்கள். மொத்தம் ஆறு லெவல். மேலே போகப் போக அந்த ராஜாக்களுக்குப் பலம் கூடும், நமக்கு ஒன்றும் கூடாது.

உன்னை நான் "நீங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது எப்போது "நீ" ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். முதல் யுத்தத்தின்போதுதான் என்று நினைக்கிறேன். "ஐயோ, போகாத போகாத, திரும்பு!" என்று கத்தினேன். நீயும் திரும்பினாய். அதற்கப்புறம் நாம் இருவருமே அதைப் பேசவில்லை.

கட்டுவதும் காப்பதும் என் வேலை. பேச்சுவார்த்தை உன் வேலை. அந்த ராஜாக்களின் படம் திரையில் வந்தால் போதும், "ஏனு ஸ்வாமி, ஊட்டா ஆய்தா?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிப்பாய். கம்ப்யூட்டருக்குக் காது இல்லை அக்கா என்றால், "மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்பாய். எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாய். ஆம்பூரில் இருக்கும் நம் மாமியார் பெயரில் எரிமலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர் கட்டியிருந்தோமே, அதைப் பச்சை ராணிக்குக் கொடுத்து இரண்டு யானை வாங்கினாய். நான் சிரித்துச் சிரித்துக் கீழே படுத்துவிட்டேன். போன மாதம் அவர் போனில், "ஏம்மா, ஒரு தரமாவது ஊருக்கு வரக் கூடாதா" என்று கேட்டபோது எனக்கு அந்த யானைகள்தான் கண்முன்னால் வந்தன.

முதல் ஊர் எப்போதும் ஜோகுபாளையம். அப்புறம் சொந்தக்காரர், அக்கம்பக்கம், அன்றைக்கு யார்மேல் கோபமோ அவர்கள். ஆனால் நம் பெயரை மட்டும் எந்த ஊருக்கும் வைத்ததில்லை. அது நீ போட்ட சட்டம். "நம்ம பேரு வேணாம் விமலா. எவனாவது வந்து கொளுத்திட்டான்னு வை, எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்காது" என்றாய்.

மூணாம் லெவலில் நாம் தோற்றதே இல்லை. நீ அலுத்துப்போனாய். "அடுத்ததுக்குப் போலாம்டி" என்று வாரா வாரம் கேட்டாய். "ஜெயிச்சிட்டேதானே இருக்கோம், எதுக்குக்கா வம்பு?" என்று நானும் வாரா வாரம் சொன்னேன். காரணத்தை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். லேபில் ஒருவர் மயங்கி விழுவார், இன்னொருவர் ரெண்டு தரம் குத்திவிட்டாள் என்று மானேஜரைக் கூப்பிடுவார். வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் பரீட்சை, தண்ணீர் லாரி. நாள் முழுக்க எதுவும் என் சொல்பேச்சு கேட்காது. மத்தியானம் நாம் ஆடுகிற அந்த இரண்டு மணி நேரம் மட்டும் எல்லாம் கேட்டது. அதைப் போய்க் கெடுத்துக்கொள்வானேன் என்றிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். புது ஆட்டம் ஆரம்பிக்கும்போது நீயே அம்புக்குறியை நகர்த்தி நாலில் வைத்தாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்து மறுபடி மூணில் வைத்தேன். உன் கை சில்லென்று இருந்தது. நீ கோபப்படவில்லை, சிரித்தாய். "சரி, உனக்கு எப்ப தோணுதோ அப்ப போலாம்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் கையை நான் ஏன் இழுத்தேன் அக்கா? விட்டிருந்தால் என்ன, குடியா முழுகியிருக்கும்?

ஆவணியில் நீ போனாய். கார்த்திகையில் மாமா, உன் வீட்டுக்காரர், லேப்டாப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே வந்தார். மெலிந்துவிட்டார், சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. "இதுல அவ என்ன பண்ணிட்டிருந்தான்னு எனக்குப் புரியல. நீயே வெச்சுக்கோம்மா" என்றார். என் மூத்தார் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தரம். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் திறந்தேன். அம்புக்குறியை நாலில் வைத்தேன். "நிச்சயமாகவா?" என்று அது கேட்டது. ஒரே ஒரு தரம் நாலாம் லெவலில் ஜெயித்து உன்னிடம் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. ஆமாம் என்று அழுத்தினேன்.

கறுப்பு விலகியது. என்ன அழகான இடம் தெரியுமா? ஜோகுபாளையத்துக்கு வடக்கே நெடுந்தூரத்தில், ஆறு கடலில் கலக்கிற இடம். பின்னால் நீலமாக ஒரு மலை, தண்ணீரில் மீன்கூட்டம். நீ பார்த்திருந்தால் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாய். நான் குடியேறுகிறவர்களை அவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு போய் அங்கே ஊர் கட்டினேன். பெயர் என்ன என்று கேட்டது. உன் சட்டத்தை மீறி, ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். சரளாபுரம்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. அந்த இடம் ஊதா ராஜாவின் எல்லை. எனக்கு அது வெளியூர், அவனுக்கு வீட்டு வாசல். பத்துப் பதினைந்து டர்னில் குதிரைகளோடு வந்துவிடுவான். நான் இருக்கிற வில்லாளி, வேல்காரன் எல்லாரையும் அங்கே அனுப்புவேன். இந்தப்பக்கம் பச்சை ராணி வந்து ஜோகுபாளையத்தைப் பிடித்துவிடுவாள். தலைநகரம் போனால் கதை முடிந்தது. அதே வரைபடத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மறுபடி அதே ஆற்றுமுகம், அதே பெயர். இப்படி ஒன்பது தரம் தோற்றேன். ஒருமுறைகூட நூறாவது டர்னைத் தாண்டவில்லை.

தோற்றது கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு தரமும் உன் ஊரின் மதில் இடிவதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்வேன். அல்சூர் ஏரிக்கரையில் பஸ்ஸில் வரும்போது அக்கரையைப் பார்த்தால் இன்னும் திறக்காத கறுப்புப் பகுதி மாதிரியே தோன்றும். அங்கே இருக்கிறாயா? காவல்காரன் ஒருவனை அனுப்பினால் நடந்து நடந்து உன்னிடம் வந்துவிடுவானா? அடுத்த ஸ்டாப்பில் கண்டக்டர் கம்பியைத் தட்டி, "மேடம், இளிரி" என்பார். இறங்கி வீட்டுக்கு நடப்பேன்.

பொங்கலுக்குக் கீர்த்தி வந்தாள். உன் ஜாடை இப்போது நன்றாகத் தெரிகிறது, அதுவும் கோபப்பட்டால். கீழே அப்பாவோடு ஏதோ வாக்குவாதம், மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். என் பக்கத்தில், உன் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பத்தாவது ஆட்டம் அது. ஊதா ராஜாவின் குதிரைகள் மலைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தன.

"சித்தி, அந்த மூலைல இருக்கற ஊர விட்டுடுங்க. மொத்தப் படையையும் அது ஒண்ணே சாப்பிடுது. சுத்த தண்டம்" என்றாள்.

"அதெல்லாம் முடியாது."

"ஏன் முடியாது? அங்க என்ன..." என்று குனிந்து பெயரைப் படித்தாள். துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். ஏதாவது சொல்லேன்டி என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"கீழ அப்பா அம்மாவோட பீரோவத் தொட விடமாட்டேங்கறாரு. மேல நீங்க இதப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் கடைசியில். "அம்மாவா இருந்தா இந்நேரம் குடுத்துட்டு டீ போடப் போயிருப்பா சித்தி. எதையாச்சும் அவ இறுக்கிப் பிடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் முன்னால் அழக் கூடாது என்று "போடி, பெரிய மனுஷி" என்று அதட்டினேன். அவளே அழுதுவிட்டாள். அப்புறம் இரண்டு பேருமாகத்தான் அழுதோம், லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு. ஞாயிறு பஸ்ஸுக்கு அவள் கிளம்பிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் திறந்தேன். ஊதா ராஜாவின் படம் திரையில் வந்து நின்றது. சமாதானம் வேண்டுமானால் சரளாபுரத்தைக் கொடு என்றான். இதையே ஒன்பது ஆட்டத்திலும் கேட்டிருந்தான். படித்துக்கூடப் பார்க்காமல் "முடியாது" என்று அழுத்தியிருந்தேன். இந்தத் தரம் முழுவதையும் படித்தேன். படைகள் திரும்பிப் போகலாம், குடிமக்கள் அங்கேயே இருப்பார்கள், யாருக்கும் ஓர் ஆபத்தும் வராது என்று எழுதியிருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். காயப்போட்ட துணிகளை எடுத்து மடித்தேன். ஏற்கெனவே மடித்ததை உதறி இன்னொரு தரம் மடித்தேன். பிறகு வந்து உட்கார்ந்து "சரி" என்பதை அழுத்தினேன்.

சத்தமே இல்லை அக்கா. மதில் இடியவில்லை, புகை வரவில்லை. ஊருக்கு மேலே பறந்த நம் மஞ்சள் கொடி ஊதாவாக மாறியது, அவ்வளவுதான். என் வில்லாளிகள் வரிசையாக வெளியே வந்து தெற்கே நடந்தார்கள். அவர்கள் தூரம் போகப் போகச் சரளாபுரத்தின் மேல் மெல்ல மூட்டம் படிந்தது. நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்று அந்த விளையாட்டு காட்டாது. பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆனால் அந்த வில்லாளிகள் வீடு வந்து சேர்ந்ததும் பச்சை ராணி ஒதுங்கிப் போய்விட்டாள். நூறாவது டர்ன் தாண்டியது. நூற்றைம்பது. இருநூறு. நான் எட்டு ஊர் கட்டினேன். கால்வாய் வெட்டினேன். பேச்சுவார்த்தைக்கு நானே உட்கார்ந்தேன், கேட்டால் கொடுத்தேன், கொடுத்தால் வாங்கிக்கொண்டேன். தினமும் லேபிலிருந்து வரும்போது அடுத்து என்ன செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே வருவேன். போன வாரம் ஒரு பெரியவர் கையில் நரம்பே அகப்படவில்லை. பதறாமல், "கொஞ்ச நேரம் வெந்நீர்ல கை வெச்சுக்குங்க, அப்புறம் பாக்கலாம்" என்றேன். அவர் பாட்டுக்கு உட்கார்ந்து அவர் மருமகனைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

இருநூற்று எழுபதாவது டர்னில் ஒரு கப்பலை வடக்கே அனுப்பினேன். ஏன் என்று கேட்காதே. கடலோரமாகப் போகப் போக மூட்டம் விலகியது, நீல மலை வந்தது, ஆற்றுமுகம் வந்தது. எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆற்றின் இரண்டு கரையிலும் வீடுகள். துறைமுகத்தில் ஏழெட்டுக் கப்பல்கள். பள்ளிக்கூடம், தோட்டம், மணிக்கூண்டு. நான் வைத்திருந்தபோது ஒரு சந்தைகூட இல்லாத ஊர் அது, சிப்பாய்களுக்குச் சோறு போடவே சரியாக இருந்தது. பெயரை அவன் மாற்றவில்லை. சரளாபுரம் என்றே இருந்தது. கப்பலை அங்கேயே நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கியா அக்கா என்று வாய்விட்டுக் கேட்டேன்.

நேற்று முந்நூறு டர்ன் முடிந்தது. கணக்கு வந்தது. நான் இரண்டாமிடம். கொஞ்சப் புள்ளியில் ஊதா ராஜா முந்திவிட்டான். எங்கிருந்து வந்தது அவனுக்கு அந்தப் புள்ளி என்று கீழே பார்த்தேன். உலகத்தின் பெரிய ஊர்கள் என்று ஒரு பட்டியல். முதல் ஊர் சரளாபுரம். ஜோகுபாளையம் நாலாவது. அந்த ஓர் ஊர் இல்லையென்றால் அவன் என் பக்கத்திலேயே வந்திருக்க முடியாது.

புரிகிறதா? உனக்காக ஜெயிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன், நீயே என்னைத் தோற்கடித்துவிட்டாய். நாலாம் லெவலில் ஜெயித்தது நீதான் அக்கா. நான் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து மாமா பதறிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னாச்சும்மா?"

திரையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு கிட்டே வந்து படித்தார். "இது நம்ம சரளா பேரா?"

"ஆமா மாமா. உலகத்துலயே பெரிய ஊரு."

"மொதல் எடமா?"

"மொதல் எடம்."

அவர் மறுபடி ஒரு தரம் படித்தார். உதடு கோணிக்கொண்டு போனது, ஆனால் அழவில்லை. ஆவணிக்குப் பிறகு முதல்தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். படியில் இரண்டு எட்டு இறங்கியவர் நின்று, திரும்பி, "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாளை மத்தியானம் புது ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறேன். நாலாம் லெவல்தான். நீ ஊதா ராஜா பக்கமே இரு, இல்லை பச்சை ராணி பக்கம் போ, உன் இஷ்டம். பேச்சுவார்த்தைக்கு வந்தால் கேட்டதைத் தருகிறேன். ஆனால் பாவம் பார்ப்பேன் என்று மட்டும் நினைக்காதே. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தரம் உன்னைத் தோற்கடிப்பேன்.

தோற்றுப்போன சந்தோஷத்தில்,
மாடிவீட்டிலிருந்து உன் ஓரகத்தி,
உனக்குத் தங்கையாகவே ஆகிப்போன
விமலா